பொது சர்வரும் சங்கத்தின் சாவியும்

கூட்டுறவுச் சங்கக் காரியாலயங்களில் நாள்வழியும் பேரேடும் கணினிக்குள் புகுந்து பல்லாண்டுகள் ஆகிவிட்டன. அங்கத்தினர்கள் இன்று அதை ஒரு விந்தையாக எண்ணுவதில்லை. தராசைப் போலவும் இரும்புப் பெட்டியைப் போலவும் அதுவும் சங்கத்தின் தளவாடங்களில் ஒன்று என்றே கருதுகின்றனர். அப்படிக் கருதுவது நியாயமே. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. தராசு முப்பது ஆண்டு உழைக்கும். இரும்புப் பெட்டி நமக்குப் பின்னரும் இருக்கும். கணினியோ பழுதுபடாமலே பழசாகிவிடுகிறது.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10 என்னும் இயக்க முறைக்கு வழக்கமாக அளித்துவந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் கம்பெனி நிறுத்திக்கொண்டது. அடுத்ததாகிய விண்டோஸ் 11ஐ ஏற்றுவதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும்; சுமார் 2017க்கு முற்பட்ட செயலிகளை அது பெரும்பாலும் ஏற்பதில்லை. திருத்தங்கள் தொடர்ந்து வேண்டும் என்னும் ஸ்தாபனங்கள் ஒரு கணினிக்கு முதல் ஆண்டு 61 டாலர் கட்டவேண்டும். அடுத்த ஆண்டு அது இரட்டிக்கும். மூன்றாம் ஆண்டு மீண்டும் இரட்டிக்கும். அதற்குமேல் பணம் கொடுத்தாலும் இல்லை. ஆகவே நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளை ஒதுக்கிவிட்டுப் புதியன வாங்குவதா என்னும் கேள்வி, நெசவாளர் சங்கங்களிலும் விளைபொருள் விற்பனைச் சங்கங்களிலும் நிர்வாகக் குழுவின் முன் வந்து நிற்கிறது.

இந்தச் சமயம் பார்த்து விற்பனைப் பிரதிநிதிகள் இரண்டு யோசனைகளுடன் வருகின்றனர். ஒன்று, அத்தனையும் புதிதாக வாங்குவது. மற்றொன்று, மேசைமேல் ஒரு திரையும் விசைப்பலகையும் சிறு பெட்டியும் மட்டும் வைத்துக்கொண்டு, கணினியின் வேலை முழுவதையும் வேறோர் இடத்தில் இருக்கும் சர்வரில் நடத்துவது. இதனையே மெய்நிகர் மேசைக்கணினி என்றும், வி.டி.ஐ. என்றும் சொல்கின்றனர். இரண்டாவது யோசனையைப் பற்றியே நமது அபிப்பிராயத்தைக் கூற விரும்புகிறோம். ஏனெனில் அதில் நமக்கு உண்மையான நன்மை இருக்கிறது. அந்த நன்மையை நம்மிடமிருந்தே விலைக்கு வாங்கிக்கொண்டு போகும் ஒப்பந்தங்களும் இருக்கின்றன.

கருத்து ஒன்றும் புதிதன்று. விலையுயர்ந்த ஒரே கணினியைப் பலரும் ஒரே நேரத்தில் உபயோகிக்கும் முறையை அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 1961லேயே செய்து காட்டினர். ஒரு பெரிய இயந்திரத்துக்குள் பல கற்பனை இயந்திரங்களைப் படைத்து, ஒவ்வொருவருக்கும் தனிக் கணினி இருப்பதுபோல் தோன்றச் செய்யும் வித்தையை ஐ.பி.எம். கம்பெனியின் ஆய்வுக்கூடம் அந்தப் பத்தாண்டிலேயே கண்டது. 1972ல் அது வி.எம்./370 என்னும் பெயரில் வாடிக்கையாளர்களுக்கு வந்தது. பின்னர் கணினி மலிந்தது; ஒவ்வொரு மேசைக்கும் ஒன்று வந்தது; பழைய முறையை மறந்தார்கள். 1989ல் தொடங்கிய சிட்ரிக்ஸ் கம்பெனி 1995ல் வின்ஃப்ரேம் என்ற சரக்கின் மூலம் அதை விண்டோஸ் உலகத்துக்குக் கொண்டுவந்தது. 1998ல் மைக்ரோசாஃப்ட் தானே டெர்மினல் சர்வர் பதிப்பை வெளியிட்டது. அன்று சிக்கனத்துக்காகப் பிறந்த முறை இன்று பல பெயர்களில் உலவுகிறது.

நெசவாளர்களுக்கு இதனை விளக்குவது எளிது. ஜக்கார்டு தறிக்கு ஒரு மூல அட்டைத் தொகுதி குத்தி, அதிலிருந்து நகல் எடுத்துப் பத்துத் தறிகளில் ஏற்றினால் பத்துச் சேலைகளிலும் ஒரே கரை விழுகிறது. கரையில் திருத்தம் வேண்டுமானால் மூல அட்டையைத் திருத்தி மறுபடி நகல் எடுக்கிறோம். தறி தறியாகப் போய் நூலைப் பிரிப்பதில்லை. மெய்நிகர் மேசைக்கணினியிலும் அவ்வாறே ஒரு மூலப் படிவம் உண்டு. இயக்க முறை, கணக்கு மென்பொருள், தமிழ் எழுத்துரு, தமிழ் 99 விசைப்பலகை, அச்சுப்பொறி ஏற்பாடு எல்லாவற்றையும் அந்தப் படிவத்தில் ஒருமுறை சரியாக அமைத்துவிட்டால், முப்பது பேர் உள்நுழைந்தாலும் முப்பது பேருக்கும் அதன் நகலே கிடைக்கிறது. ஒருவர் கைதவறி எதையோ கெடுத்துவிட்டால், வெளியேறி மீண்டும் உள்நுழைந்ததும் புதிய நகல் வந்துவிடும். அவருடைய கோப்புகளும் சொந்த ஏற்பாடுகளும் தனி இடத்தில் பத்திரமாக இருக்கும்.

சங்கத்துக்கு இதனால் வரும் நன்மைகளை மறைப்பதற்கில்லை. பழைய கணினிகளைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அவற்றில் இலவசமான லினக்ஸ் ஏற்றி, சர்வரை அடையும் வெறும் ஜன்னலாக மட்டும் வைத்துக்கொண்டால் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். அவை கெட்டபின் வாங்கும் சிறு பெட்டிகள் பத்துப் பதினைந்து வாட் மின்சாரத்தில் ஓடுபவை. எல்லாவற்றுக்கும் மேலாக, சங்கத்தின் கணக்கு காரியதரிசியின் மேசைக்குக் கீழே இருக்கும் ஒரு பெட்டியின் உயிரை நம்பி இராது. ‘கணினி கெட்டுவிட்டது, கணக்கு போய்விட்டது’ என்ற பதிலைத் தணிக்கைக்குச் செல்பவர்கள் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! சில இடங்களில் அது உண்மை. சில இடங்களில் அது வசதி. எப்படியிருந்தாலும் அந்தப் பதிலுக்கு இனி இடம் இராது என்பதே நமக்குப் பெரிய ஆறுதல்.

இனி, பிரதிநிதிகள் தெளிவாகச் சொல்லாத விஷயத்துக்கு வருவோம். மெய்நிகர் முறை என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் மூன்று வகைகள் உள. முதலாவது, ஒவ்வொருவருக்கும் சர்வருக்குள் ஒரு முழுத் தனிக் கணினியை அமைத்துக் கொடுப்பது. இரண்டாவது, ஒரே சர்வர் இயக்க முறையில் பலரும் தத்தம் அமர்வைத் திறந்துகொண்டு வேலை செய்வது. மூன்றாவது, மேசைக்கணினி முழுவதையும் கொடாமல், கணக்கு மென்பொருள் ஒன்றை மட்டும் தொலைவிலிருந்து திறந்து காட்டுவது. முதல் வகையைத் தனித்தனியே கிணறு வெட்டிக் கொடுப்பதற்கும், இரண்டாவதை ஒரே கிணற்றில் பல கவலை பூட்டுவதற்கும் ஒப்பிடலாம். மூன்றாவது, குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பது.

பிரதிநிதிகள் பெரும்பாலும் முதல் வகையையே விற்க வருகின்றனர். விலை அதற்கே அதிகம். பத்துச் சங்கங்கள் சேர்ந்து, சங்கத்துக்கு மூவராக முப்பது பேர் உபயோகிப்பதாக வைத்துக்கொள்வோம். ஆளுக்கொரு தனிக் கணினி என்றால், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 4 ஜி.பி. நினைவகம் ஒதுக்கினாலும் 120 ஜி.பி. வேண்டும், முப்பது இயக்க முறைகளும் தனித்தனியே ஓடவேண்டும். அமர்வு முறையில் இயக்க முறை ஒன்றே; கூலிப்பட்டியலும் இருப்புப் புத்தகமும் எழுதும் வேலைக்கு அதில் பாதி நினைவகம் தாராளமாகப் போதும். படம் வரைபவருக்கும் மென்பொருள் எழுதுபவருக்கும் தனிக் கணினி அவசியமாகலாம். நூல் கழியைக் கொடுத்துச் சேலையை வரவு வைக்கும் காரியாலயத்துக்கு அது தேவையில்லை என்பதே நமது திடமான அபிப்பிராயம்.

லைசென்ஸ் கணக்கு இன்னும் சிக்கலானது. இதை நிர்வாகக் குழுவினர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் சர்வரை ஒருமுறை விலைக்கு வாங்கிவிட்டால் போதும் என்று பலர் நம்புகின்றனர். அது சரியன்று. சர்வருக்கு ஒரு லைசென்ஸ். அதனை அணுகும் ஒவ்வொருவருக்கும் ஓர் அணுகல் லைசென்ஸ். தொலைவிலிருந்து மேசைக்கணினியாக உபயோகிக்க அதற்கும் மேல் மற்றோர் அணுகல் லைசென்ஸ். தனிக் கணினி வகையில் விண்டோஸ் 11ஐச் சிறு பெட்டியிலிருந்து அணுகுவதற்குப் பிரத்தியேகமாகச் சந்தா செலுத்த வேண்டும். தொலைநிலை அணுகல் லைசென்ஸ் இல்லாமலும் சர்வர் முதல் 120 நாட்கள் ஓடும்; அதன்பின் கதவைச் சாத்திவிடும்.

இந்த 120 நாள் என்னும் எண்ணை நாம் சும்மா குறிப்பிடவில்லை. நாம் பரிசோதனைக்குச் சென்ற நெசவாளர் சங்கம் ஒன்றில், ஒரு வியாபாரி மிகக் குறைந்த விலைக்கு ஏற்பாடு செய்து கொடுத்துப் பணத்தையும் பெற்றுக்கொண்டு போயிருந்தார். நான்கு மாதம் எல்லாம் செம்மையாக நடந்தது. தீபாவளிக் கூலி பட்டுவாடா செய்யவேண்டிய வாரத்தில் ஒருநாள் காலை ஒருவராலும் உள்ளே நுழைய முடியவில்லை. வியாபாரியின் தொலைபேசி மணி அடித்துக்கொண்டே இருந்தது. வாசலில் நெசவாளர்கள், பெண்கள் உட்பட, வெயிலில் நின்றனர். அந்தச் சங்கத்தின் வயதான குமாஸ்தா பழைய கூலிப் புத்தகத்தை எடுத்து, ஒவ்வொருவரிடமும் தறி எண்ணையும் கொடுத்த உருப்படியையும் கேட்டு, கையால் பட்டியல் எழுதி இரவு ஒன்பது மணிக்குள் பட்டுவாடாவை முடித்தார். சங்கத்தின் மானம் அவரால் தப்பிற்று. லைசென்ஸ் விலையையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, ‘மலிவு’ என்று வாங்கியது மற்றவர் கேட்ட விலையைத் தாண்டியது. ஒப்பந்தத்தில் லைசென்ஸ் என்ற சொல்லே இல்லை.

லைசென்ஸை முறையாக வாங்கியவர்களுக்கும் நிம்மதி உறுதியில்லை என்பதைச் சென்ற சில ஆண்டுகள் காட்டியுள்ளன. இத்துறையில் முன்னணியில் நின்ற இரண்டு கம்பெனிகளும் கைமாறின. சிட்ரிக்ஸை 2022ல் முதலீட்டு நிறுவனங்கள் 1,650 கோடி டாலருக்கு வாங்கின. வி.எம்.வேர் கம்பெனியை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கியது. அடுத்த மாதமே, ஒருமுறை விலை கொடுத்து என்றென்றைக்கும் உபயோகிக்கும் லைசென்ஸ் விற்பனையை நிறுத்திச் சந்தா முறைக்கு மாற்றிவிட்டது. அதன் மேசைக்கணினிப் பிரிவு தனியே விற்கப்பட்டு, 2024ல் ஆம்னிசா என்னும் புதிய கம்பெனியாயிற்று. பெரிய வங்கிகளும் பல்கலைக்கழகங்களுமே புதிய சந்தா விகிதத்தைக் கண்டு தவித்தன. இருநூறு தறியுள்ள சங்கம் பேரம் பேசி என்ன சாதிக்கும்? நூல் விலை ஏறினால் நாம் சங்கமாகச் சேர்ந்து ஆலைக்குப் போகிறோம். மென்பொருள் வாடகை ஏறினால் தனித்தனியே நின்று கையொப்பமிடுகிறோம்.

ஆகவே சங்கங்கள் சேர்ந்தே இதனைச் செய்யவேண்டும் என்பது நமது யோசனை. சென்னை மாகாணத்து நெசவாளர் சங்கங்கள் 1935ல் ஒரு தலைமைச் சங்கமாகச் சேர்ந்து இன்றைய கோ-ஆப்டெக்ஸுக்கு வித்திட்டதற்கும் காரணம் இதுவே. ஒற்றைச் சங்கம் சந்தையில் நின்று பேச இயலாது. தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களுக்கு, 63,000 சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்தை மத்திய அரசு 2022 ஜூனில் ஏற்று, பொது மென்பொருள் ஒன்றை வகுத்தது. அது கடன் சங்கங்களுக்கான ஏற்பாடு. நூல் இருப்பு, கூலி, தள்ளுபடி, பண்டகசாலை வாடகை ஆகியவற்றைக் கணக்கிட வேண்டிய நமது பிற சங்கங்கள் தங்கள் வழியைத் தாங்களே காணவேண்டியிருக்கிறது. ஒரு வட்டாரத்துச் சங்கங்கள் பத்துப் பன்னிரண்டு சேர்ந்து பொதுச் சாயச்சாலை வைப்பதுபோல் பொது சர்வர் வைத்துக்கொள்ளலாம். அது கூட்டுச் சொத்தாக இருக்கவேண்டும். வாடகைச் சொத்தாக அன்று.

பணம் இல்லையே என்பார்கள். சந்தா இல்லாத வழியும் உண்டு. லினக்ஸின் கருவுக்குள்ளேயே 2007 முதல் கே.வி.எம். என்னும் மெய்நிகர் இயந்திர வசதி இருக்கிறது. அதன்மீது கட்டிய, ஆஸ்திரியா நாட்டில் உருவான, பிராக்ஸ்மாக்ஸ் என்னும் நிர்வாக மென்பொருளை விலையின்றி ஏற்றலாம். உதவி வேண்டினால் மட்டும் சந்தா. லினக்ஸ் டெர்மினல் சர்வர் திட்டம் 1999 முதல் பழைய கணினிகளை இப்படி உழைக்கச் செய்துவருகிறது. கணக்கு மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும் என்றால் அந்த ஒன்றுக்கு மட்டும் ஒரு விண்டோஸ் சர்வரும், உண்மையில் அதனை உபயோகிப்பவர்களுக்கு மட்டும் அணுகல் லைசென்ஸும் வாங்கினால் போதும். கடிதமும் அட்டவணையும் எழுத லிப்ரே ஆஃபீஸ் இருக்கிறது. ‘இலவசம் என்றால் யார் பொறுப்பு?’ என்ற ஆட்சேபம் நியாயமானது. மென்பொருளில் மிஞ்சும் பணத்தைக் கொண்டு ஒரு பயிற்சி பெற்ற ஊழியரை வைத்துக்கொள்வதே அதற்கு விடை. பணம் ஊரில் தங்கும்.

சர்வரை வாங்குவதைவிட அதனை நடத்துவதே கடினம். ஓர் ஓரத்தில் வைத்து மறந்துவிடக்கூடிய சாமான் அன்று அது. காரியாலயங்கள் யாவும் காலை பத்து மணிக்குத் திறக்கும். முப்பது பேரும் ஒரே சமயத்தில் உள்நுழைவார்கள். நாள் முழுதும் சும்மா இருக்கும் வட்டுகள் அந்தக் கால்மணி நேரம் திணறும். ஆகவே சராசரிக்கு அன்று, பத்து மணி நெருக்கடிக்குத் திட்டமிடவேண்டும். சுழலும் பழைய வட்டுகளுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. வட்டுகள் வேண்டும். சர்வர் ஒன்றாக இருத்தலும் ஆகாது. இரண்டு வாங்கி, ஒன்று படுத்தால் மற்றது சுமையைத் தாங்கும் அளவில் அமைக்கவேண்டும். ஒன்றையே பெரிதாக வாங்கிவிடுவது சிக்கனம்போல் தோன்றும். அது ஒற்றை மாட்டு ஏர்.

இணைப்பும் மின்சாரமும் அடுத்த கவலை. அலுவலக வேலைக்கு ஒருவருக்கு ஏறத்தாழ 1.5 மெகாபிட் வேகம் போதும் என்பது மைக்ரோசாஃப்ட் தரும் அளவு. மூவருக்கு அது பெரிதன்று. வேகத்தைவிடத் தாமதமே முக்கியம். விசையைத் தட்டியபின் எழுத்து வந்து நிற்கும் நேரம் 150 மில்லி வினாடியைத் தாண்டினால் எழுதுபவருக்கு எரிச்சல் பிறக்கும். ஒளியிழை இணைப்பு ஒன்றும், அது அறுந்தால் தொடர ஒரு செல்பேசி இணைப்பும் ஒவ்வொரு சங்கத்திலும் வேண்டும். இரண்டும் போய்விட்டால்? எண்ணிட்ட ரசீதுப் புத்தகமும் கைக் கூலிப்பட்டியலும் மேசை இழுப்பறையில் இருக்கவேண்டும். இணைப்பு வந்தபின் அன்றைய தேதியிலேயே பதியவேண்டும். அவற்றை ஒழித்துவிட்ட சங்கங்களைக் காணும்போது நமக்கு வருத்தமே உண்டாகிறது.

பிரதிநிதிகள் காட்டும் ஒத்திகையில் திரை அழகாக வரும், எழுத்து ஓடும். ஒத்திகையில் அவர்கள் தொடாத மூன்று சாமான்களைத் தொடச் சொல்லுங்கள். பாஸ்புத்தகமும் ரசீதும் அடிக்கும் ஊசி அச்சுப்பொறி முதலாவது. சர்வர் ஓர் ஊரிலும் அச்சுப்பொறி வேறோர் ஊரிலும் இருக்கும்போது, அச்சுக் கட்டளை வலையில் பயணம் செய்து திரும்ப வரவேண்டும்; புதிய லேசர் அச்சுப்பொறிகளில் இது எளிது, பழைய ஊசி அச்சுப்பொறியில் வரி நகர்ந்து தொகை அடுத்த கட்டத்தில் விழும். அடுத்தது விரல்ரேகைக் கருவி. சிறு பெட்டியில் செருகிய கருவியைச் சர்வருக்குள் காணச் செய்வது எல்லாக் கருவிகளிலும் ஒன்றுபோல் நடப்பதில்லை. பிறகு தமிழ். பழைய எழுத்துருவில் எழுதிவைத்த அங்கத்தினர் பெயர்கள் யூனிகோடுக்கு மாற்றப்படாதிருந்தால் புதிய படிவத்தில் அவை கிறுக்கலாகத் தெரியும். ஓர் அங்கத்தினரின் பெயரே மாறிப்போன கணக்கைத் தணிக்கையில் எப்படி ஒப்புக்கொள்வது? சர்வரின் சக்தியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவதைவிட ஒரு பாஸ்புத்தகத்தை நீட்டி ‘இதில் அடித்துக் காட்டுங்கள்’ என்பது மேல்.

இத்தனைக்கும் மேலான ஆபத்து ஒன்று உண்டு. எல்லாவற்றையும் ஓரிடத்தில் குவித்தால் நன்மை குவிவதுபோல் தீமையும் குவியும். 2024 ஜூலை மாத இறுதியில், கூட்டுறவு வங்கிகளுக்கும் வட்டார கிராமிய வங்கிகளுக்கும் தொழில்நுட்பச் சேவை அளிக்கும் சி-எட்ஜ் என்னும் நிறுவனம் பணயத் தீநிரலின் தாக்குதலுக்கு ஆளாயிற்று. தொற்று பரவாதிருக்கத் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் அதனைத் தனது வலையிலிருந்து துண்டித்தது. ஏறத்தாழ முந்நூறு சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்களுக்கு யு.பி.ஐ. முதலிய சேவைகள் தடைப்பட்டு, ஆகஸ்ட் 1ஆம் தேதி சீர்பட்டன. அந்த வங்கிகள் தாமாக ஒரு தவறும் செய்யவில்லை. ஒரே மடையில் நீர் வாங்கின, அவ்வளவே.

தொலைநிலை முறையின் வாசலே திருடர்கள் முதலில் தட்டும் வாசல். 2019 மே மாதம் புளூகீப் என்னும் ஓட்டை வெளிப்பட்டபோது, ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்.பி.க்கும்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. ஆபத்து அவ்வளவு பெரிது. 2023 அக்டோபரில் சிட்ரிக்ஸின் வாயிற்கருவியில் கண்ட ஓட்டை இன்னும் விநோதமானது. உள்ளே இருப்பவரின் அமர்வு அடையாளத்தையே திருடிக்கொண்டு, இரட்டைச் சரிபார்ப்பையும் தாண்டி நுழைய அது வழிவிட்டது. திருத்தம் ஏற்றியபின்னும், திறந்திருந்த அமர்வுகளை எல்லாம் முடித்துவைத்தாலன்றித் திருடன் வெளியேறமாட்டான். சர்வரின் தொலைநிலைக் கதவை நேரே இணையத்தில் திறந்துவைத்திருக்கும் சங்கங்கள் இன்றே அதனை மூடவேண்டும். தனித்த பாதுகாப்பு வழியும் இரட்டைச் சரிபார்ப்பும் இன்றி ஒருவரும் உள்ளே வரலாகாது. திருத்தம் வந்த வாரத்திலேயே அதனை ஏற்றும் பொறுப்பு ஒருவருடைய பெயரில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

காப்பு நகல் எடுப்பதாக எல்லாரும் சொல்கின்றனர். பரிசோதனையின்போது நாம் கேட்கும் கேள்வி வேறு: அதிலிருந்து மீட்டுப் பார்த்தீர்களா? மூன்று நகல்கள் இருக்கவேண்டும். அவற்றில் ஒன்று வேறு கட்டிடத்தில், வலையில் இணைக்கப்படாமல், பூட்டிய அலமாரியில் இருக்கவேண்டும். பணயத் தீநிரல் வலையில் எட்டும் நகலையும் பூட்டிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு சங்கத்தின் கணக்கை வெற்றுச் சர்வரில் மீட்டு, அந்த மாதத்து ஐந்தொகையோடு ஒப்பிட்டு, நிர்வாகக் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் பதியவேண்டும்.

சாவியைப் பற்றி ஒரு வார்த்தை. சர்வரின் நிர்வாகி விரும்பினால் எந்தச் சங்கத்தின் எந்தக் கணக்கையும் பார்க்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். இரும்புப் பெட்டிக்கு இரண்டு சாவி வைத்து, ஒன்றைத் தலைவரிடமும் மற்றொன்றைக் காரியதரிசியிடமும் கொடுக்கும் நாம், இதற்கு மட்டும் ஒரே சாவியை வெளியூர் வியாபாரியின் பையில் போட்டுவிட்டு நிம்மதியாக உறங்குகிறோம். நிர்வாகியின் கடவுச்சொல் இரண்டு பொறுப்பாளர்கள் சேர்ந்தாலன்றித் திறவாதபடி அமையவேண்டும். நிர்வாகி செய்யும் ஒவ்வொரு செயலும் அவரால் அழிக்க முடியாத வேறோர் இடத்தில் பதிவாகவேண்டும். அங்கத்தினர்களின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் அங்கே இருக்கின்றன. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம்மையும் கேள்வி கேட்கும். காரியாலயத்திலுள்ள நால்வரும் காரியதரிசியின் ஒரே கடவுச்சொல்லில் வேலை செய்யும் வழக்கமும் ஒழியவேண்டும். அது கையொப்பத்தைக் கடன் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

‘எங்கள் கணக்கை அடுத்த சங்கத்தார் பார்த்துவிடுவார்களே’ என்று சில தலைவர்கள் நம்மிடம் தயங்கினர். அந்தத் தயக்கத்தை நாம் குறைவாக மதிக்கவில்லை. எந்தச் சங்கம் எந்த வியாபாரிக்கு என்ன விலைக்குச் சேலை கொடுத்தது என்பது அதன் சொந்த விஷயம். ஒவ்வொரு சங்கத்துக்கும் தனித் தரவுத்தளம், தனிக் குழு, தனி அனுமதி என்று அமைத்தால் ஒருவர் மற்றவர் கணக்கைக் காண இயலாது. இலாகாவின் பரிசோதகர்களுக்கும், அதாவது நமக்கும், பார்க்கும் அனுமதி மட்டுமே கொடுங்கள். திருத்தும் அனுமதி வேண்டாம். பார்த்த நாளும் நேரமும் பதிவாகட்டும். விலக விரும்பும் சங்கம் தனது தரவு முழுவதையும் பொதுவான கோப்பு வடிவில் முப்பது நாளைக்குள் பெற்றுக்கொண்டு விலகலாம் என்னும் ஷரத்தை முதல் நாளே எழுதிவிடவேண்டும். உட்புக மட்டும் கதவு வைத்த வீட்டில் ஒருவரும் குடியேறமாட்டார்கள்.

தொடக்கத்திலேயே பன்னிரண்டு சங்கங்களையும் ஏற்றிவிடும் உற்சாகம் கூடாது. விருப்பமுள்ள இரண்டு சங்கங்கள், ஒன்று இணைப்பு நன்றாயுள்ள ஊரிலும் மற்றொன்று அடிக்கடி அறுபடும் ஊரிலுமாக, ஆறு மாதம் ஒத்திகை பார்க்கட்டும். நல்ல ஊரில் மட்டும் ஒத்திகை பார்த்தவர்கள் பின்னால் படும் பாட்டை நாம் அறிவோம். அந்த ஆறு மாதத்தில் இணைப்பு எத்தனை மணி நேரம் இல்லை, எத்தனை ரசீது கையால் எழுதப்பட்டது, அச்சுப்பொறி எத்தனை முறை தகராறு செய்தது என்பதை ஒரு சாதாரண நோட்டுப் புத்தகத்தில் குமாஸ்தாவே எழுதிவரட்டும். பொதுச்சபையில் அந்த நோட்டுப் புத்தகத்தைப் படித்துக் காட்டியபின் மற்றச் சங்கங்கள் முடிவு செய்யலாம்.

எந்தக் கணக்கை முதலில் ஏற்றுவது என்பதிலும் வேற்றுமையான கருத்துகள் இருக்கின்றன. கூலிப்பட்டியலையே முதலில் ஏற்றவேண்டும், அதில்தான் வேலை மிகுதி என்று காரியதரிசிகள் பலர் விரும்புகின்றனர். நாம் இதற்கு உடன்படவில்லை. நூல் இருப்பையும் ஜவுளி இருப்பையும் முதலில் ஏற்றலாம். இருப்புப் பதிவு ஒருநாள் தாமதமானால் மறுநாள் சரிசெய்து கொள்ளலாம். பண்டகசாலையில் சரக்கு இருந்த இடத்திலேயே இருக்கும். கூலி ஒருநாள் தாமதமானால் அன்று மாலை நெசவாளர் வீட்டில் அரிசி இராது. ஆறு மாத ஒத்திகை முடிந்து, காப்பு நகலிலிருந்து இரண்டு முறை மீட்டுப் பார்த்தபின், கூலிப்பட்டியலை ஏற்றட்டும். அதன்பின்னும் முதல் மூன்று மாதம் கைப்பட்டியலையும் இணையாக எழுதிவருவது நலம்.